விழித்திருந்த பதினான்கு நிமிடம்

அந்த மருத்துவமனையில் அவரைத் தாலாட்டு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஆளைத் தூங்கவைக்கிற மயக்க மருந்து டாக்டர். மேசையில் படுத்திருப்பவர் எவ்வளவு நடுங்கினாலும் சரி, பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்குப் பிடிச்ச இடம் ஒண்ணை நினைச்சுக்குங்க, ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்" என்பார். ஊசி மருந்து நரம்பில் ஏறும். பத்து எண்ணுவதற்குள் கண் செருகிவிடும். இருபத்தேழு வருடங்களில் அப்படிக் கண் செருகியவர்கள் ஒருவர் விடாமல் திரும்ப விழித்திருக்கிறார்கள். அதில் அவருக்கு உள்ளூர ஒரு கர்வம். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

அவருடைய தம்பி கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். சாப்பாட்டோடு வாக்குவாதமும் உண்டு. மனம் என்பது மூளைக்குள் நடக்கிற காரியம் மட்டும்தானா, அதைவிடக் கூடுதலாக ஏதாவதா? எதிரே இருப்பவருக்கும் நம்மைப் போல உள்ளே ஒரு மனம் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பல்வலி என்று ஒருவர் சொன்னால், அவர் தாடையைப் பிடித்துக்கொள்வதைத்தானே பார்க்கிறோம், வலியையா பார்க்கிறோம்? இதெல்லாம் தம்பிக்குப் பிழைப்பு, அண்ணனுக்குப் பொழுதுபோக்கு. டாக்டரின் மனைவி, "முதல்ல கையைக் கழுவிட்டு உட்காருங்க, மனசு எங்க இருக்குன்னு அப்புறம் தேடலாம்" என்று இருவரையும் ஒரே அதட்டில் பந்திக்குக் கூப்பிடுவார்.

ஒரு ஞாயிறு தம்பி கேட்டார்: "தினமும் நாலு பேரை இல்லாம ஆக்குறியேண்ணா, அந்த நேரத்துல அவங்க எங்கதான் போறாங்க?"

"எங்கயும் போகல. மிஷினை நிறுத்தினா சத்தம் எங்க போகுதுன்னு கேட்பியா?" என்றார் டாக்டர். அந்தப் பதில் அவருக்கே பிடித்துப்போனது. அந்த வாரம் முழுக்க யாரிடமாவது அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில்தான் ஸ்டெனோ அம்மா வந்து சேர்ந்தார். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். வயது நாற்பத்தாறு இருக்கும். பித்தப்பையில் கற்கள், பையையே எடுத்துவிட வேண்டும் என்று சர்ஜன் நாள் குறித்திருந்தார். முந்தின நாள் மாலை வழக்கம்போல நோயாளியைப் பார்க்க வார்டுக்குப் போனார் டாக்டர். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. பக்கத்தில் கணவர், பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு எழுந்தபோது, தனக்கும் ஒரு சந்தேகம் என்றார் அந்த அம்மா.

"நான் தூங்கிட்டேன்னு உங்களுக்கு எப்படி டாக்டர் தெரியும்?"

நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, கண்மணி என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் என் உடம்பைப் பத்தி. நான் கேட்டது என்னைப் பத்தி."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களை என் தம்பியிடம் மாட்டிவிட வேண்டும் என்றார். பிறகு, இத்தனை வருடங்களில் ஒருவர்கூட வந்து நடுவில் விழித்திருந்தேன் என்று சொன்னதில்லை, அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார்.

"யாரும் சொல்லலைங்கிறது சாட்சி ஆகாது டாக்டர். எங்க கோர்ட்ல எடுபடாது" என்றார் அந்த அம்மா. கணவர் ஆரஞ்சுச் சுளையை நீட்டியபடி, வீட்டிலும் இதே குறுக்கு விசாரணைதான் என்றார். மூவரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை மூன்றாவது ஆளாக ஸ்டெனோ அம்மா உள்ளே வந்தார். எல்லாம் ஒழுங்காகவே தொடங்கியது. ஊசி மருந்தில் கண் செருகியது. தசைகளைத் தளர்த்துகிற மருந்தும் போனது. அது வேலை செய்கிற நேரமெல்லாம் ஒருவரால் சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியாது. மூச்சைக்கூட எந்திரம்தான் விட வேண்டும். இமைகளின்மேல் மெல்லிய பட்டி ஒட்டினார்கள். இனித் தூக்கத்தைக் காப்பது மயக்க வாயுவின் பொறுப்பு. எந்திரத்தின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கலத்தில் அதற்கான திரவம் இருக்கும். காலையில் அதை நிரப்பிவைக்கிற உதவியாளர் அன்றைக்கு லீவு. தானே பார்த்துக்கொள்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் இரண்டு ஆட்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்றாவதற்கு முன்னால் நிரப்ப வேண்டும் என்று நினைத்த நேரத்தில் வார்டிலிருந்து போன் வந்தது. போனை வைத்தபோது சர்ஜன் கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். நிரப்புகிற நினைப்பு அப்படியே நழுவிவிட்டது. வாயு குறைந்தால் கத்த வேண்டிய மணி ஒரு வாரமாகவே காரணமில்லாமல் கத்தித் தொலைத்ததால் அதன் வாயை அடைத்துவைத்திருந்தார்கள்.

வெட்டு விழுந்து சிறிது நேரத்தில் நாடி ஏறத் தொடங்கியது. எழுபதாக இருந்தது தொண்ணூறாகி நூற்றிருபதைத் தொட்டது. ரத்த அழுத்தமும் கூடவே ஏறியது. சில உடம்புகள் அப்படித்தான் என்று நினைத்து, நாடியை இறக்குகிற மருந்தைப் போட்டார் டாக்டர். நாடி இறங்கியது. சர்ஜன் வேலையோடு வேலையாக, "இந்த அம்மாவுக்குக் கொழுப்புக்குக் குறைச்சலே இல்ல" என்று ஜோக் அடித்தார். சிலர் சிரித்தார்கள்.

தலைமாட்டில் நின்ற மூத்த சிஸ்டர்தான் முதலில் கவனித்தார்.

"டாக்டர், பட்டிக்கு அடியில கண்ணுல தண்ணி வருது."

"அது வெறும் தண்ணி சிஸ்டர். அழுகை இல்ல" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு, ஏதோ ஒரு உறுத்தலில் எந்திரத்தின் பக்கம் திரும்பினார். கலத்தின் கண்ணாடியில் திரவம் இல்லை. அடிவரைக்கும் இல்லை.

கை பழக்கத்தில் தன் வேலையைச் செய்தது. திரவத்தை ஊற்றினார், வாயுவைக் கூட்டினார், நினைவை அழிக்கிற மருந்து ஒன்றையும் நரம்பில் ஏற்றினார். அந்த மருந்து இனி நடப்பதைத்தான் அழிக்கும், நடந்து முடிந்ததை அழிக்காது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். தெரிந்தும் போட்டார். கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். பதினான்கு நிமிடம். பிறகு பதிவுத்தாளை எடுத்து, அந்தப் பதினான்கு நிமிடத்துக்கும் நாடி எழுபத்தெட்டு, எண்பது, எண்பத்திரண்டு என்று எழுதினார். சிஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். தாளின் கீழே அவரும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார்.

மறுநாள் காலை வார்டில் ஸ்டெனோ அம்மாவின் கட்டிலுக்குப் போனார் டாக்டர். ஒருவேளை எதுவும் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் மறந்திருக்கும். அந்த அம்மா படுத்திருந்தார். முகத்தில் முந்தாநாள் பார்த்த குறும்பு இல்லை. கணவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"நான் முழிச்சிருந்தேன் டாக்டர்."

குரலில் கோபமே இல்லை. நேரத்தை வரிசைப்படுத்திச் சொல்வதுபோலச் சொன்னார். முதலில் சத்தம் வந்தது. பிறகு வெளிச்சம் இல்லாமல் சத்தம் மட்டும் இருக்கிறது என்று புரிந்தது. பிறகு வலி. கத்தினேன், குரல் வரவில்லை. விரலை ஆட்டப் பார்த்தேன், விரல் யாருடையதோ. சர்ஜன் கொழுப்பைப் பற்றிச் சொன்னார், சிரித்தார்கள். சிஸ்டர் கண்ணில் தண்ணீர் வருகிறது என்றார். "அதுக்கு நீங்க சொன்னது உங்களுக்கே தெரியும்" என்று நிறுத்திக்கொண்டார்.

அந்த ஒரு கணத்தில் டாக்டர், ஆமாம் அம்மா என்று சொல்லியிருக்கலாம். பின்னால் எத்தனையோ தடவை அந்தக் கணத்துக்குத் திரும்பிப்போய் அவர் ஆமாம் என்று சொல்லிப் பார்த்ததுண்டு. அன்றைக்கு வாயில் வந்தது வேறு.

"மயக்கம் தெளியற நேரத்துல இப்படிக் கனவு வர்றது சகஜம்மா. அரைகுறையா காதுல விழறதை மூளை கோத்துக் கதை கட்டிடும். நிஜம் மாதிரியே இருக்கும்."

"என் காது தப்பாக் கேட்டதில்ல டாக்டர். இருபது வருஷமா நான் சாப்பிடற சோறு அது."

கணவர் மனைவியின் போர்வையைச் சரிசெய்தார். டாக்டரே சொல்கிறாரே, மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்றார். ஸ்டெனோ அம்மா டாக்டரிடமிருந்து பார்வையை எடுத்துக் கணவரைப் பார்த்தார். தலையணைக்கு அடியிலிருந்து மடித்த இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார். காலையில் எழுதியதாம். முழுக்கச் சுருக்கெழுத்து. டாக்டருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. வாங்கிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, படித்துப் பார்க்கிறேன் என்றார்.

அடுத்த ஞாயிறு சாப்பிடும்போது, ஏதோ புத்தகத்தில் படித்ததுபோல விஷயத்தைத் தம்பியிடம் போட்டார். ஒருவருக்கு வலி வந்தது, ஆனால் அதன் நினைவு இல்லை என்றால் அது வலிதானா? மீட்டெடுக்கவே முடியாத வலிக்கும் இல்லாத வலிக்கும் என்ன வித்தியாசம்? தம்பி உற்சாகமாகிவிட்டார். அதற்கு இந்தப் பக்கமும் வாதம் இருக்கிறது, அந்தப் பக்கமும் இருக்கிறது என்று விரல்விட்டு அடுக்கினார். பிறகு, நினைவு என்பது வலியின் ரசீது மட்டும்தான், ரசீது தொலைந்தால் வாங்கினது இல்லையென்று ஆகிவிடுமா என்று முடித்தார்.

"சரி, உள்ள ஆள் இருந்தாங்களா இல்லையான்னு வெளியிலேர்ந்து தெரிஞ்சுக்க வழியே இல்லன்னு நீதானே சொல்வே?" என்றார் டாக்டர். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"சொல்வேன். வகுப்புல அது நல்லா எடுபடும். ஆனா அவங்களே வந்து நான் உள்ள இருந்தேன்னு சொன்னா, அப்புறம் என்னண்ணா வேணும்? அதுக்கு மேல ஒரு சாட்சி உலகத்துலயே கிடையாது."

டாக்டர் தட்டில் கை கழுவாத குறையாக எழுந்துபோனார். தம்பிக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும். அதன் பிறகு நாலைந்து வாரம் அவர் கல்லூரிக் கதைகளைத் தவிர வேறெதையும் எடுக்கவில்லை. என்ன நடந்தது என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாமே என்ற குறை பின்னாளில் தம்பிக்கும் இருந்தது.

ஸ்டெனோ அம்மா மருத்துவமனைக்குப் புகார் எழுதினார். மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். நீளமான அறை, நடுவில் தண்ணீர்ப் பாட்டில்கள். இருபது வருடம் அடுத்தவர்கள் சொன்ன சாட்சியத்தை எழுதினவர் முதல்முறையாகத் தானே சாட்சி சொன்னார். சொன்னதில் ஒரு வார்த்தைகூட முன்னே பின்னே ஆகவில்லை. டாக்டர் பதிவுத்தாளைக் காட்டினார். நாடி சீராக இருந்தது. சர்ஜன் தான் அப்படி எதுவும் பேசியதாக நினைவில்லை என்றார். சிஸ்டரைக் கேட்டார்கள், தாளில் உள்ளதுதான் என்றார், தலையைக் குனிந்துகொண்டே. கடைசியில் நடுவில் இருந்தவர், "நீங்க பொய் சொல்றீங்கன்னு நாங்க சொல்லலம்மா. உங்களுக்கு அப்படித் தோணியிருக்கு" என்று கனிவாகச் சொன்னார். பொய்க்காரி என்று சொல்லியிருந்தால்கூட அந்த அம்மா சண்டைபோட்டிருப்பார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை கூடப் போன கணவர் திரும்பிவந்து, தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கணும் டாக்டர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு விஷயம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். டாக்டரும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தார். நாலு வருடம் ஓடியது. இப்போதெல்லாம் ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் கலத்தை மூன்று தடவை பார்ப்பார். பிடித்த இடத்தை நினைத்துக்கொள்ளச் சொல்கிற வழக்கத்தை விட்டுவிட்டார். தாலாட்டு டாக்டருக்கு வயதாகிவிட்டது, பாட்டை நிறுத்திவிட்டார் என்று இளையவர்கள் கேலி பேசினார்கள். அந்த இரண்டு தாள்களும் அவருடைய மேசை இழுப்பறையில் கிடந்தன. கிழித்துப்போட மனம் வரவில்லை. படித்துக்காட்டச் சொல்லி யாரிடமும் போகவும் துணிவில்லை.

மூத்த சிஸ்டர் ஓய்வு பெற்ற நாளன்று மாலை எல்லாரும் பூங்கொத்துக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு சிஸ்டர் டாக்டரின் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"முப்பத்தோரு வருஷ வேலை டாக்டர். எல்லாத்தையும் இங்கயே விட்டுட்டுப் போயிடலாம். அந்த ஒரு கையெழுத்தை மட்டும் எங்க விடறதுன்னு தெரியல."

அந்த அம்மாவைக் கடைத்தெருவில் ஒருமுறை பார்த்தாராம். வேலையை விட்டுவிட்டாராம். நீதிமன்றத்தில் யார் என்ன சொன்னாலும், இப்படித்தான் சொன்னீர்களா, இப்படித்தான் சொன்னீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்துவிட்டாராம். தன் காதையே நம்ப முடியாத ஸ்டெனோவை வைத்துக்கொண்டு நீதிபதிதான் என்ன செய்வார். "என்னைப் பார்த்ததும் சிரிச்சாங்க டாக்டர். 'சிஸ்டர், நீங்க அன்னிக்குக் கண்ணுல தண்ணின்னு சொன்னீங்களா, நானா நினைச்சுக்கிட்டேனா?'ன்னு கேட்டாங்க. பஸ் வருதுன்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன். பஸ் எதுவும் வரல."

மறுநாள் டாக்டர் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தட்டச்சும் சுருக்கெழுத்தும் சொல்லித்தருகிற பயிற்சி நிலையம் ஒன்று செருப்புக் கடைக்கு மாடியில் இருந்தது. பாதி மேசைகளில் இப்போது கம்ப்யூட்டர்கள். நடத்துகிறவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"கை நடுங்கி எழுதினது. ஆனா ஒரு கோடுகூடத் தப்பில்ல. யார் சார் இவங்க?" என்றார். தெரிந்தவர் என்றார் டாக்டர்.

நடத்துகிறவர் படித்தார். எதைப் பற்றியது என்று தெரியாமல், பயிற்சிப் பாடம் படிக்கிற அதே தட்டையான குரலில் வரிவரியாகப் படித்தார். எல்லாம் இருந்தது. சர்ஜனின் ஜோக், சிரித்தவர்கள் எத்தனை குரல், கத்தியைக் கேட்ட குரல், சிஸ்டர் சொன்னது, அதற்கு வந்த பதில். அழுகை இல்லை என்ற இடத்தில் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தார். இன்னும் நாலு வரி இருந்தது.

"என் தலையில் ஒரு கை இருந்தது. யாருடையது என்று தெரியவில்லை. சூடாக இருந்தது. எனக்கு உடம்பு இல்லை, குரல் இல்லை, நான் இருக்கிறேனா என்பதே சந்தேகமாக இருந்தது. அந்தக் கை நான் இருக்கிறேன் என்று தெரிந்து வைத்திருப்பதுபோல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன்."

அறுவை சிகிச்சை நடக்கும்போது இடது கையை நோயாளியின் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்வது டாக்டரின் பழக்கம். ஏன் என்று அவர் யோசித்ததே கிடையாது. கைவைக்க வாகான இடம், அவ்வளவுதான். நடத்துகிறவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா சார் என்று கேட்டார். வேண்டாம் என்று மாடிப்படியில் இறங்கினார். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஸ்டெனோ அம்மாவின் வீட்டைத் தேடிக்கொண்டு போனார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது தளம். கதவைத் திறந்தது அந்த அம்மாதான். முடி நரைத்திருந்தது. அடையாளம் தெரிந்ததும் ஒரு அடி பின்னால் போனார். பிறகு உள்ளே வரச் சொன்னார். வீடு துப்புரவாக இருந்தது. எல்லா அறைக் கதவுகளும் விரியத் திறந்து, மூடாதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு கனமான பொருள் முட்டுக்கொடுத்து வைத்திருந்தது. கணவர் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

டாக்டர் பூசி மெழுகவில்லை. லீவில் போன உதவியாளர், போன், காலியான கலம், அடைத்துவைத்த மணி, பொய்யாக எழுதிய எண்கள், பதினான்கு நிமிடம். எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் சொன்னது அத்தனையும் நடந்தது அம்மா, உங்கள் காது தவறவில்லை என்றார். சொல்லி முடித்தால் அந்த முகத்தில் ஏதாவது ஒரு நிம்மதி வரும், கோபமாவது வரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். இரண்டும் வரவில்லை.

"கனவுதான்னு நம்பறதுக்கு எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டர்" என்றார் அந்த அம்மா மெதுவாக. மனநல ஆலோசகரிடம் வாரா வாரம் போய், அது நடக்கவில்லை, அது நடக்கவில்லை என்று காலையில் எழுந்ததும் சொல்லிப் பழகினாராம். கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் வந்ததாம். "என் மூளைதான் என்னை ஏமாத்திடுச்சுன்னு ஒத்துக்கிட்டேன். வேலையை விட்டேன். ஆனா அதுல ஒரு நிம்மதி இருந்துச்சு. கோபமெல்லாம் என் மூளை மேலதான், மனுஷங்க மேல இல்லன்னு ஆச்சு. இப்ப நீங்க வந்து அதையும் எடுத்துட்டீங்க."

டாக்டர் மன்னிப்புக் கேட்டார்.

"அது உங்களுக்காக. எனக்காக எதுக்கு வந்தீங்க?"

டாக்டர் தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். தலையில் இருந்த கை தன்னுடையது என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. அந்த ஒன்றையாவது யாருடையதென்று தெரியாமல் அவர் வைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது.

அந்த அம்மா எழுந்து, பின்பக்கம் பார்த்துக் கணவரைக் கூப்பிட்டார். அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். டாக்டரைப் பார்த்ததும் பழைய மரியாதையோடு கும்பிட்டார்.

"இவர்கிட்டயும் சொல்லுங்க. ஒண்ணும் விடாம."

டாக்டர் முதலிலிருந்து மறுபடி சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது பத்து மடங்கு கடினமாக இருந்தது. கணவர் நின்றபடியே கேட்டார். முடிந்ததும் மனைவியின் பக்கம் திரும்பினார். அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை டாக்டர் மருத்துவமனைக்கு எழுத்தில் கொடுத்தார். சிஸ்டரின் கையெழுத்து தன் நிர்ப்பந்தத்தால் வாங்கியது என்று ஒரு வரி சேர்த்தார். சர்ஜன் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். விசாரணை, நோட்டீஸ், கடைசியில் ஒரு வருடம் தொழில் செய்யத் தடை. அந்த வருடம் முடிந்தும் அவர் திரும்பப் போகவில்லை. ஸ்டெனோ அம்மாவுக்கு மருத்துவமனையிலிருந்து வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் போனது. பழைய வேலைக்குத் திரும்ப வரலாம் என்று நீதிமன்றத்திலிருந்தும் சொல்லி அனுப்பினார்கள். அவர் போகவில்லை.

தம்பி இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ஒருநாள், அடுத்தவர் மனம் பற்றிய பாடத்தை இந்த வருடம் எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை என்றார். பழைய வேடிக்கை உதாரணங்களை வாயில் எடுக்க முடியவில்லையாம். டாக்டரின் மனைவிதான் பேச்சை மாற்றினார்.

மழைக்காலத்தில் ஒரு மதியம் அழைப்புமணி அடித்தது. ஸ்டெனோ அம்மாவின் கணவர் நின்றுகொண்டிருந்தார். பணிமனையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். சட்டைப்பையில் விசில் தொங்கியது. டாக்டர் உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். அவர் நுனியில் உட்கார்ந்தார். எதற்கு வந்தார் என்று அவருக்கே சரியாகத் தெரியாததுபோல் இருந்தது. தேநீர் வந்தது. பாதி குடித்தார்.

"இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தேன் டாக்டர். அவ சொன்னதை விட்டுட்டு உங்க பேப்பரை நம்பினேன்."

"நம்பற மாதிரிதான் நான் எழுதினேன்."

"ஆமா. ஆனா நம்பினது நான்தானே."

அவங்க எப்படி இருக்காங்க என்று டாக்டர் கேட்டார்.

"இருக்கா. சமைக்கிறா, பேப்பர் படிக்கிறா. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்றா. அதுக்கு மேல பேச்சு இல்ல." கோப்பையைக் கீழே வைத்தார். "முன்னல்லாம் அவ மூஞ்சியைப் பார்த்தே என்ன நினைக்கிறான்னு சொல்லிடுவேன். அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்ப ஒண்ணும் தெரியல டாக்டர். கேட்டாத்தான் தெரியும். கேட்கிற வாய் எனக்கு இல்ல."

டாக்டருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. பொறுத்துப் பாருங்கள், காலம் ஆற்றும் என்கிற மாதிரி. வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டார். அவரும் எதையும் எதிர்பார்த்து வந்ததாகத் தெரியவில்லை. மழை கொஞ்சம் விட்டதும், இரண்டரை மணி வண்டியை அனுப்ப வேண்டும் என்று எழுந்தார். டாக்டர் குடை எடுத்து நீட்டினார். வேண்டாம், பக்கத்தில்தான் நிறுத்தம் என்று சொல்லிவிட்டு, தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.